பாய்ச்சலும் திருப்பமும்

குதிரை வாங்கப் போகிறவன் அதன் பாய்ச்சலைப் பார்த்து விலை பேச வேண்டுமா, திருப்பத்தைப் பார்த்து விலை பேச வேண்டுமா? மனிதன் குதிரைமேல் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்தே இந்தக் கேள்வி இருந்து வருகிறது. குதிரை போய் மோட்டார் வந்தது. கேள்வி மட்டும் போகவில்லை.

எங்கள் கோலியனூர்ப் பையன் ஒருவன், எனக்குத் தங்கை மகன் முறை, சென்னையில் கை நிறையச் சம்பாதிக்கிறான். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க அவனுக்கு ஆசை. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலே விநாடியில் எட்டுமாம். மற்றதற்கு ஆறு விநாடி வேண்டும். ஆனால் வளைவுகளில் அது சொன்ன சொல் தட்டாதாம். "எதை வாங்கலாம், மாமா?" என்று கேட்டான். கதை எழுதுகிறவனிடம் காரைப் பற்றி யோசனை கேட்பது, ஜோசியரிடம் ஜுரத்துக்கு மருந்து கேட்பது மாதிரிதான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு நீண்ட சரித்திரம் உண்டு. சரித்திரம் என்றால் எனக்குப் பேசாமல் இருக்க முடியாது.

திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 1690-இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் அந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். மொகலாயப் படையில் யானைகள், பீரங்கிகள், கூடாரங்கள், மூட்டை முடிச்சுகள், உயர்ந்த சாதிப் பெருங்குதிரைகள் எல்லாம் இருந்தன. சமவெளியில் நேருக்கு நேர் மோதினால் அதைத் தாங்குவது கஷ்டம். மராட்டியரின் குதிரைகளோ சிறியவை, சுமையும் குறைவு. அவை பாய்ந்து அடித்துவிட்டு, எதிரி திரும்புவதற்குள் தாம் திரும்பிப் போய்விடும். 1692-இல் காஞ்சிபுரத்தின் அருகே சந்தாஜி கோர்படே, அலி மர்தான்கான் என்ற மொகலாயத் தலைவனையே சிறைபிடித்தான். அடுத்த ஆண்டு ஜுல்பிகர்கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கடைசியில், 1698-இல், கோட்டை விழுந்தது உண்மைதான். ஆனால் ராஜாராம் அதற்குள் தப்பிப் போய்விட்டார். எட்டு வருஷம் காத்திருந்த பெரும்படைக்குக் கோட்டை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

குதிரையை விட்டு மாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டிலேயே மாட்டுவண்டிப் பந்தயம் இரண்டு விதமாக நடக்கிறது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாவில் இருநூறு மீட்டர் அல்லது முந்நூறு மீட்டர். ஒரே நேர்க் கோடு. கடிகாரம் சொல்வதுதான் தீர்ப்பு. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் அப்படியில்லை. போக வர ஆறு மைல், எட்டு மைல் என்று வைப்பார்கள். எல்லையைத் தொட்டுவிட்டு வந்த சாலையிலேயே திரும்பி வர வேண்டும். பத்து வண்டி ஒன்றாகத் திரும்புகிற அந்த இடத்தில்தான் சாரதியின் சாமர்த்தியம் தெரியும். போகும்போது முதலில் போன வண்டி வரும்போதும் முதலில் வரும் என்று சொல்வதற்கில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பந்தயத்தில் ஆசை கிடையாது. அவர்களுக்கு உழவு மாடு போதும். ஆனாலும் பல்லையும் சுழியையும் பார்த்த பிறகு, மாட்டை ஏரில் பூட்டி ஒரு நடை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். நடையில் அவர்கள் கவனிப்பது வேகத்தை அல்ல. சால் முனையில் மாடு எப்படித் திரும்புகிறது, கயிற்றைத் தொட்டதும் நிற்கிறதா என்பதைத்தான். "ஓடாத மாட்டை ஓட்டிவிடலாம், நிற்காத மாட்டை என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள்.

மோட்டாரில் இந்த இரண்டு கட்சிகளும் தனித்தனியாகப் பிரிந்ததற்கு இரண்டாவது உலகப் போர் ஒரு விசித்திரமான காரணமாயிற்று. போருக்காக நாடெங்கும் விமானத் தளங்கள் போட்டார்கள். நம் பக்கத்தில் உளுந்தூர்ப்பேட்டையில்கூட ஒன்று உண்டு. போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளங்கள் சும்மா கிடந்தன. காலி மைதானத்தைக் கண்டால் பையன்கள் சும்மா இருப்பார்களா? 1950-இல் அமெரிக்காவில் சாண்டா ஆனா என்ற ஊரில், விமான ஓடுபாதையில் கார்களை இரண்டு இரண்டாக நிறுத்தி ஓடவிட்டார்கள். மறு ஆண்டே இந்த விளையாட்டுக்காக வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டார். தூரம் கால் மைல், வளைவே கிடையாது. இங்கிலாந்துக்காரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். 1948-இல் குட்வுட்டிலும் சில்வர்ஸ்டனிலும் விமானத் தளங்களைப் பந்தயப் பாதைகளாக்கினார்கள். தளத்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் எல்லைச் சாலைதான் அவர்களுக்குப் பிடித்தது. சில்வர்ஸ்டனில் முதல் வருஷம் ஓடுபாதையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் அதை அடியோடு விட்டுவிட்டார்கள். கான்கிரீட் ஒன்றுதான், போதித்த பாடங்கள் இரண்டு.

வளைவில் என்ன நடக்கிறது? ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். வண்டியைத் தள்ளுவது, நிறுத்துவது, திருப்புவது ஆகிய மூன்று வேலைகளையும் அந்த நாலு உள்ளங்கைகளே செய்ய வேண்டும். ஒரு வேலைக்கு முழுப் பிடிப்பையும் செலவழித்துவிட்டால் மற்ற வேலைக்கு ஒன்றும் மிஞ்சாது. அதோடு, வேகம் இரண்டு மடங்கானால் வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை நாலு மடங்காகிறது. நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் அப்படியே. எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர்ப் பாதையில் லாபம். ஆனால் கூடிய பாரத்தை ஒவ்வொரு வளைவிலும் அந்த உள்ளங்கைகள்தாம் சுமக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி 1935 ஜூலை 28. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற மலைப்பாதை. ஒரு சுற்று ஏறக்குறைய பதினாலு மைல், முழுவதும் வளைவு. மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகிய ஜெர்மன் கம்பெனிகளின் பலம் மிகுந்த ஒன்பது கார்கள் வரிசையில் நின்றன. எதிரே, பலத்தில் மிகவும் குறைந்த பழைய ஆல்பா ரோமியோவில் டாஸியோ நுவோலாரி என்ற இத்தாலியர். சின்ன உருவம், வயது நாற்பத்திரண்டு. நடுவில் பெட்ரோல் போட நின்றபோது பம்பு உடைந்து இரண்டு நிமிஷத்துக்கு மேல் வீணாயிற்று. பிறகு அந்த மனிதர் வளைவு வளைவாக ஒவ்வொருவரையும் எட்டிப் பிடித்தார். கடைசிச் சுற்றில் அவருக்கு முன்னால் பிராக்கிட்ஷ் ஓட்டிய மெர்ஸிடிஸ் ஒன்றே பாக்கி. அதன் டயரோ அத்தனை சக்தியையும் தாங்கித் தேய்ந்துபோயிருந்தது. கோட்டை எட்டுவதற்கு முன்பே அது வெடித்தது. கூடியிருந்த லட்சக்கணக்கான ஜெர்மானியர் கண் முன்னே இத்தாலியர் ஜெயித்தார்.

1961-இல் மொனாக்கோ நகரத் தெருக்களில் ஸ்டர்லிங் மாஸ், எஞ்சின் பலத்தில் தாழ்ந்த லோட்டஸ் காரில் ஃபெராரிகளைத் தோற்கடித்ததும் இதே கதைதான். நூறு சுற்று ஓடிய பிறகு வித்தியாசம் நாலு விநாடிகூட இல்லை. ஆனால் ஒரு கட்சியைப் பற்றி மட்டும் பேசினால் நியாயமில்லை. அந்த ஆண்டின் உலக வெற்றிப் பட்டம் ஃபெராரி ஓட்டிய பில் ஹில்லுக்கே போயிற்று. நீண்ட நேர்ப் பாதைகள் உள்ள இடங்களில் ஃபெராரியை யாராலும் பிடிக்க முடியவில்லை. பொள்ளாச்சியில் ஜெயிக்கும் காளை வேறு, சிவகங்கையில் ஜெயிக்கும் காளை வேறு.

நம் ஊருக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுபாதை இருந்தது. அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கார்களைக் கொண்டு வந்தார்கள். சமஸ்தானத்துச் சீமான்களும் ஓட்டினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே வளைவுகளோடு அமைத்த பாதை வந்தது.

அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் கரிவரதன் செய்த காரியத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து பெரிய எஞ்சின் தருவிக்க எல்லோராலும் முடியாது. அவர் மாருதி 800-இன் சின்ன எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் பந்தயக் கார் கட்டினார். அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர். நேர்ப் பாதையில் அது மலைக்கும்படி ஓடிவிடாது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றால் மிதித்து ஜெயிக்க வழியில்லை. வளைவில்தான் ஜெயிக்க வேண்டும். அந்த வண்டியில் பழகிய கோயம்புத்தூர்ப் பையன் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு, கடையில் விற்பது என்னவோ நாலு விநாடிதான். காரணம் எளிது. பாய்ச்சலை ஓர் எண்ணால் சொல்லிவிடலாம். எண்ணை வைத்துக் கொண்டு டீக்கடையில் ஜம்பமாகப் பேசலாம். திருப்பத்துக்கு எண் கிடையாது. கையும் முதுகும் சொல்லித்தான் அது தெரிய வேண்டும்.

கோலியனூர்க் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். கிழக்கே புதுச்சேரி, தெற்கே பண்ருட்டி, மேற்கே விழுப்புரம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போகிற பெருஞ்சாலை அகலமானது. காலை மிதிக்கச் சொல்லி ஆசை காட்டும். ஆனால் கரும்பு வண்டியும், ஆட்டு மந்தையும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தையும் குறுக்கே வருவது இந்தச் சாலைகளில்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய தொண்ணூறு அடி கடந்துவிடும். அந்த விநாடியில், நாலு விநாடியில் நூறை எட்டிய பெருமை யாரைக் காப்பாற்றும்? நிற்கத் தெரிந்த, திரும்பத் தெரிந்த வண்டி ஒருவேளை காப்பாற்றும். அதைத்தான் வாங்கு என்று பையனுக்குச் சொன்னேன். அதையும் மெதுவாக ஓட்டு என்றேன்.

செஞ்சியில் இன்னொரு குதிரையும் பேர் பெற்றது. 1714-இல் இருபது வயதைச் சற்றே கடந்த தேசிங்கு ராஜன், சிறு படையோடு ஆற்காட்டு நவாபின் பெரும் சேனைக்குள் நேராகப் பாய்ந்து மாண்டான். அந்தப் பாய்ச்சலை இந்தச் சீமை முழுவதும் கதையாகப் பாடியது. அதே மண்ணில் திரும்பத் தெரிந்து பிழைத்த சந்தாஜியின் குதிரைகளைப் பற்றி இங்கே யாரும் பாடவில்லை. பாய்கிறவனுக்குப் பாட்டு, திரும்புகிறவனுக்கு வீடு. இரண்டில் எது வேண்டும் என்பதை, சாவியைக் கையில் வாங்கும்போதே தீர்மானித்துக் கொள்வது நல்லது.