சிட்டுக்குருவியின் இரத்தத் துளி

எங்கள் முத்தாபுதுப்பேட்டைக்கு வடகிழக்கே, கொசத்தலையாறு கடலோடு கலக்குமிடம் எண்ணூர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழை கொணர்ந்தபோது, வெள்ளத்தோடு எண்ணெயும் அம்முகத்துவாரத்தில் பரவிற்று. கூழைக்கடாக்களின் இறகுகளில் அது கரும்பசையென ஒட்டிக்கொண்டது. அவற்றைக் காக்க வனத்துறையினரும் தொண்டர்களும் முனைந்தனர். எண்ணெயைக் கழுவிவிட்டால் பறவை பிழைத்தது என்று நாம் எண்ணுகிறோம். அதன் இரத்தத்தையும் பார்த்தல் வேண்டும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

மனித இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியை 1880-இல் லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டார். சில ஆண்டுகளில், கார்க்கிவ் நகரப் பேராசிரியர் தனிலேவ்ஸ்கி பறவைகளின் சிவப்பணுக்களிலும் அத்தகைய உயிர்களைக் கண்டறிந்தார். ஆயினும், நோய் பரவும் வழி புலப்படவில்லை.

அதனைத் தேடியவர் ரொனால்டு ராஸ். 1881-இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் தொண்டாற்றியவர். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் ஒட்டுண்ணியின் வளர்ச்சியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தா சென்றார். அங்கே பிளேக் நோயைப் பற்றிய பீதி. விரல் நுனியில் ஊசி படுவதற்கும் மக்கள் அஞ்சினர். மனிதர் கை நீட்டத் தயங்கவே, ராஸ் பறவைகளை நாடினார்.

நோயுற்ற குருவியைக் கடித்த கொசுவின் இரைப்பையில் வளர்ந்த ஒட்டுண்ணி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், அக்கொசு நலமுள்ள குருவியைக் கடித்தால் அதற்கும் நோய் தொற்றுவதையும் 1898 ஜூலையில் அவர் நிறுவினார். மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை இத்தாலியில் கிராசியும் அவர் தோழரும் அவ்வாண்டின் இறுதியில் மெய்ப்பித்தனர். ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பறவைகளால் மனிதன் அறிந்த உண்மையைப் பறவைகளுக்கே பயன்படுத்தும் நாடு தென்னாப்பிரிக்கா. 2000 ஜூனில் கேப்டவுன் அருகே ஒரு கப்பல் மூழ்கியபோது, எண்ணெய் படிந்த ஏறத்தாழ 19,000 பென்குவின்களுக்கு அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. 1968 முதல் இயங்கும் அந்நாட்டுக் கடற்பறவைக் காப்பு நிறுவனத்தில் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையின் ஓர் உறுப்பு.

செய்முறை எளியது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாகத் தேய்த்து உலர்த்திச் சாயமேற்றி, நுண்பெருக்கியில் நோக்குவர். சிவப்பணுக்களுள் மலேரியா ஒட்டுண்ணியும், உண்ணிகள் பரப்பும் பபேசியாவும் தென்படலாம். அணுக்களுக்கிடையே சுருள் வடிவப் பாக்டீரியாவான பொர்ரேலியாவும் தென்படலாம். பறவை மலேரியா மனிதரைத் தாக்குவதில்லை. கொசு அரிதாயுள்ள தீவுகளில் வாழ்ந்து பழகிய பென்குவினையோ அது கொன்றுவிடும்.

மாணவர்களே, மீட்கப்பட்ட பறவை பட்டினியாலும் அச்சத்தாலும் வலுவிழந்திருக்கும். அதுவரை அடங்கியிருந்த நோய் அப்போது தலைதூக்கும். பல பறவைகளை ஒருங்கே அடைத்து வைக்குமிடத்தில் கொசு புகுந்தால், ஒன்றன் நோய் மற்றொன்றுக்கு எளிதிற் பரவும். காப்பகமே நோய்க்களமாகிவிடும். சோதியாது விடுவித்தாலோ, நோய் பறவையோடு பயணம் செய்யும். கூழைக்கடா ஓரிடத்தில் அடங்கியிருக்கும் பறவையன்று. இன்று முகத்துவாரத்தில் மீன் பிடிப்பது, நாளை ஆவடிப் பக்கத்து ஏரியொன்றில் வந்திறங்கக் கூடும்.

ஆகவே, பறவையைக் கழுவும் கைகளோடு நுண்பெருக்கியை நோக்கும் கண்களும் வேண்டும். கல்லூரியில் விலங்கியலோ கால்நடை மருத்துவமோ பயிலப் போகும் உங்களுள் சிலரேனும் இப்பணியைக் கற்றுக்கொள்ளுங்கள். கல்கத்தாக் குருவிகளுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியை எண்ணூர்க் கூழைக்கடாக்களுக்குச் செலுத்தலாம்.