சூளை கண்ட மண்: ஒரு பழைய ஓட்டின் பயணம்

ஓட்டு வீட்டைக் கட்டும்போது கடைசியாக மேலே ஏறுவது ஓடு. பிரிக்கும்போது முதலில் கீழே இறங்குவதும் அதுதான். பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில், கேரள எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஊர் கோவிந்தாபுரம். அங்கும், அதைச் சுற்றிய முதலமடை ஊராட்சியின் மாந்தோப்பு ஊர்களிலும் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, அதே இடத்தில் கான்கிரீட் வீடுகள் எழும்பி வருகின்றன. இறக்கிய ஓடுகளைச் சிலர் வேலியோரம் அடுக்கி வைக்கிறார்கள். பல இடங்களில் அவை பள்ளம் நிரப்பப் போய்விடுகின்றன. அந்த ஓடு எங்கிருந்து வந்தது, இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்று அறிந்தவருக்கு அதைப் பள்ளத்தில் கொட்ட மனம் வராது.

மங்களூர் ஓடு என்று நாம் அழைத்தாலும் அதன் வடிவம் பிறந்தது ஐரோப்பாவில். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்தோனி சகோதரர்கள் 1841-ல் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இந்தியாவில் அந்த வகை ஓட்டைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷன். கிறித்தவத்துக்கு மாறியதால் சாதித் தொழிலையும் சொந்தபந்தத்தையும் இழந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று நெசவாலைகளையும் ஓட்டாலைகளையும் அந்த மிஷன் நடத்தியது. அதைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-ல் மங்களூரின் ஜெப்புவில் ஓட்டாலையைத் தொடங்கினார். நேத்ராவதி, குருபுரா ஆறுகள் சேர்த்து வைத்திருந்த களிமண்ணே மூலதனம். பிறகு கோழிக்கோடு, கோடக்கல், பாலக்காடு, பேரோக் என்று மலபார் முழுக்க மிஷனின் ஆலைகள் பரவின. முதல் உலகப் போருக்குப் பின் அவை காமன்வெல்த் டிரஸ்ட்டின் கைக்குப் போயின. உள்ளூர் முதலாளிகளும் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். திருச்சூர் பக்கம் ஒல்லூரிலும் புதுக்காட்டிலும் ஓட்டாலைப் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன.

அதற்கு முன் இருந்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் வனைந்து, பாதியாகப் பிளந்து சுட்ட அரைவட்ட ஓடு அது. அதை இரண்டு மூன்று அடுக்காகப் போட வேண்டும், அத்தனை கனத்தையும் மரச்சட்டம் தாங்க வேண்டும். குரங்கும் பூனையும் நகர்த்திவிடுவதால் மழைக்கு முன்பு பிரித்து அடுக்கியாக வேண்டும். மங்களூர் ஓடு ஒற்றை வரிசையிலேயே மழையை நிறுத்திவிடும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு போதும். ஒன்றின் எடை இரண்டரை முதல் மூன்று கிலோ. கனம் குறைந்ததால் மரமும் குறைந்தது.

ஒரு பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் பொறியியல் முழுவதும் முதுகில் தெரியும். மேல் விளிம்பில், கூரையின் குறுக்குச் சட்டமான ரீப்பரைக் கவ்விக்கொள்ளும் புடைப்பு. ஒரு பக்க ஓரத்தில் பள்ளம், மறுபக்க ஓரத்தில் அந்தப் பள்ளத்துக்குள் உட்காரும் மடிப்பு. கம்பியால் கட்டிக்கொள்ள ஒரு துளை. நடுவில் ஆலையின் பெயரும் முத்திரையும். பாசல் மிஷன் ஓடுகளில் 1865 என்ற எண்ணும் இருக்கும். அது ஆலை தொடங்கிய ஆண்டு. அந்த ஓடு அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துச் சுட்டதாகவும் இருக்கலாம்.

இந்தப் பயணத்தில் திரும்பி வர முடியாத இடம் சூளை. வெயிலில் காய்ந்த களிமண்ணை நீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். சூளையில் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது களிமண் துகளின் அமைப்போடு பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை மழை பெய்தாலும் அது சேறாகாது. ஓட்டுச்சூளையின் வெப்பம் 800 டிகிரியையும் தாண்டும். அதற்காக வண்டி வண்டியாக விறகு எரிந்தது, வயலின் அடிமண் வெட்டப்பட்டது. ஒவ்வொரு ஓடும் காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் ஒரு முறை விலை கொடுத்து வாங்கியது. அந்த விலையை மீண்டும் கொடுக்காமல் நூறு ஆண்டு பயன்படுத்தலாம் என்பதே ஓட்டின் பெருமை.

ஆனால் அந்தப் பெருமை எல்லாத் தலைக்கும் மேலே ஏறிவிடவில்லை. கேரளத்தின் பழைய சாதிக் கட்டுப்பாடுகளில் கூரையும் அடக்கம். ஓடு கோயிலுக்கும் அரண்மனைக்கும் மேல்சாதி வீட்டுக்கும் உரியது, உழைக்கும் சாதிகளுக்கு ஓலைதான் என்று பல இடங்களில் விதித்திருந்தார்கள். ஆலை ஓடு பெருகியதும் சட்டங்கள் மாறியதும் அந்த விதியைத் தளர்த்தின. ஓட்டைக் கொண்டுவர ரயில் பாதைகளும் வந்தன. போத்தனூர்-பொள்ளாச்சிப் பாதை 1915-லும், கொல்லங்கோடு, முதலமடை வழியே போகும் பொள்ளாச்சி-பாலக்காடு பாதை 1932-லும் திறக்கப்பட்டன. பனையோலைச் சாளைகளின் சீமையில் ஓட்டு வீடு மெல்லப் பெருகியது.

ஓட்டின் இறக்கம் 1970-களில் தொடங்கியது. வளைகுடாப் பணம் கேரளத்துக்குள் வந்ததும் கான்கிரீட் தளம் வசதியின் அடையாளமாயிற்று. மறுபக்கம், ஓட்டுக்காகவும் செங்கல்லுக்காகவும் நெல்வயல்கள் குழிகளாயின. நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்கக் கேரளம் 2008-ல் சட்டம் கொண்டுவந்தது. அது வேண்டிய சட்டம். களிமண் கிடைப்பது அரிதாகி ஓட்டாலைகள் பல மூடப்பட்டன. ஆக, இன்று புதிதாக ஓடு சுட வயலை வெட்ட வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் பழைய ஓட்டுக்கோ புதிதாக ஒரு கூடை மண்ணும் வேண்டாம், ஒரு கட்டு விறகும் வேண்டாம்.

பழைய ஓட்டை மறுபடி பயன்படுத்துவதைக் கட்டடக் கலைக்குள் கொண்டுவந்தவர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து 1945-ல் இந்தியாவுக்கு வந்து, தொழுநோயாளிகளுக்கான கட்டடங்களில் பணியைத் தொடங்கியவர். இமயமலையில் பித்தோராகட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1963-ல் இடுக்கி மலையின் வாகமண்ணுக்கு வந்தார், பிறகு திருவனந்தபுரத்தில் நிலைத்தார். வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தை வாழ்நாள் முழுதும் வேலையில் கடைப்பிடித்தார். இடித்த வீட்டின் கதவு, ஜன்னல், மரம், ஓடு எதுவும் அவருக்குக் குப்பையாகத் தெரியவில்லை.

பழைய ஓட்டுக்கு அவர் கொடுத்த புது வேலை கான்கிரீட் தளத்துக்குள்ளே. தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. கம்பியைப் பிடித்து வைப்பதைத் தவிர, அங்குள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. எனவே கம்பிக் கட்டங்களுக்கு நடுவே, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பழைய ஓடுகளை வைத்துவிட்டுச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினார். சிமென்டும் கம்பியும் மிச்சம். இரண்டு ஓட்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தையும் குறைக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் தளம் முழுக்கச் சிவப்புக் கட்டங்கள், பூச்சே தேவையில்லை. இத்தகைய சிக்கனக் கட்டுமானத்தைப் பரப்ப, முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து உருவான காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு 1985 முதல் இயங்கிவருகிறது. பேக்கர் 2007-ல் மறைந்தார்.

ஆனால் பழைய ஓட்டுக்கு மிகப் பொருத்தமான துணை மண்சுவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். சுடாத மண்ணுக்கு மழைதான் பகை. மழையைத் தடுக்கும் வேலையைச் சுட்ட மண் ஏற்றுக்கொண்டால், சுவருக்கு நெருப்பே தேவையில்லை. ஒரு முறை எரித்த மண்ணை வைத்து மீதி வீட்டை எரிக்காமல் கட்டலாம்.

கோவிந்தாபுரம் பக்கத்தில் இதைச் செய்ய நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மண்ணின் நிறத்தை. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதிகளில் கோவைச் சீமையைப் போலவே கரிசல் உண்டு. கரிசல் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும். அது சுவருக்கு ஆகாது. செம்மண் வேண்டும், அதையும் சோதித்தே எடுக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மண்ணைப் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படியும். களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. கூடினால் மணல் சேர்த்துக்கொள்ளலாம், குறைந்தால் களி உள்ள மண்ணைக் கலக்கலாம். நீர் விட்டு ஊறவைத்து, வைக்கோலைத் துண்டித்துப் போட்டு, காலால் நன்றாக மிதித்துப் பதமாக்கிய மண்ணை ஒன்றரை அடி கனத்தில் வரிசை வரிசையாக ஏற்ற வேண்டும். ஒரு வரிசை இறுகிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் அடிவரிசை பிதுங்கிவிடும்.

மண்சுவர் கரைவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். தரையில் விழுந்து தெறிக்கும் கூரைநீரும் தேங்கும் வெள்ளமும் அடிச்சுவரைத் தின்கின்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் மண்வீடுகள் பல விழுந்தபோது கற்க வேண்டியிருந்த பாடமும் அதுவே. தரைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி கருங்கல் கட்டு, அதன் மேல்தான் மண். இறவாரம் இரண்டடிக்குக் குறையாமல் வெளியே நீள வேண்டும். வெள்ளம் ஏறும் தாழ்வான நிலத்தில் வெறும் மண்சுவர் வேண்டாம். அங்கே ஐந்து விழுக்காடு அளவில் சிமென்ட் கலந்து அழுத்திச் செய்த மண்கல் பொருந்தும்.

கூரைச் சட்டத்துக்கும் பழையது கிடைக்கும். பனைகள் நிறைந்த சீமை இது. முற்றிய பனையின் வெளிப்புற வைரத்தில் அறுத்த கைமரங்கள் கருகருவென்று கனமாக இருக்கும். நனையாமல் காத்தால் அவை ஒரு வீட்டிலிருந்து இறங்கி இன்னொரு வீட்டில் ஏறும்.

பழைய ஓட்டை எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். அனுபவப்பட்ட மேஸ்திரி ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்ல ஓடு. மொத்தென்று சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே ஓடுகிறது. பின்பக்கப் புடைப்பு உடைந்ததைத் தனியே வைப்பார். பிறகு முத்திரையைப் பார்த்துப் பிரிப்பார், இது மிக முக்கியம். ஓர் ஆலையின் ஓடு இன்னோர் ஆலையின் ஓட்டோடு சரியாகக் கோக்காது. அரை விரல் வித்தியாசம் இருந்தாலும் அந்த இடுக்கில் மழை இறங்கும். எனவே ஒரே சரிவில் ஒரே முத்திரை. பாசியைத் தென்னை நார் வைத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் கூரையைத் தூக்கப் பார்க்கும் ஊர் இது. இறவாரத்து வரிசைகளையாவது ஓட்டின் துளை வழியே கம்பி கோத்து ரீப்பரோடு கட்டிவிடுவது நல்லது.

மண்வீடு என்றாலே முகம் சுளிப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுகும் கூரைக்கும் சாயும் சுவருக்கும் கீழே பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குக் கான்கிரீட் வெறும் கட்டுமானப் பொருள் அல்ல, மானம். கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி, தீண்டாமைப் புகார்களால் 2017-ல் செய்திகளில் அடிபட்ட இடம். ஓட்டுக்கூரையே மறுக்கப்பட்ட வரலாறு உள்ளவர்களிடம் போய், வசதியானவர்கள் கைவிட்ட ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அப்படித் தொடங்கினால் இந்த வீடும் ஏழைக்கு ஒதுக்கிய இரண்டாந்தரமாகிவிடும். வசதி உள்ளவர்கள் முதலில் இப்படிக் கட்டிக் குடியிருக்க வேண்டும். கேரள அரசின் லைஃப் திட்டம் வீடற்ற குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் தருகிறது. அந்தத் தொகைக்குள் கல் அடித்தளமும், சோதித்த மண்சுவரும், தேர்ந்த ஓடும் கொண்ட வீட்டைக் கேட்கிற குடும்பத்துக்குப் பொறியாளரின் வரைபடமும் பயிற்சி பெற்ற மேஸ்திரியும் கிடைக்க வேண்டும். மண்சுவரும் ஓடும் அந்தக் குடும்பமே தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், காசில்லாததால் தலையில் விழுந்ததாக இருக்கக் கூடாது. வெயில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டு ஏப்ரலில், தடித்த மண்சுவரும் ஓட்டிடுக்கு வழியே மூச்சுவிடும் கூரையும் எந்த வருமானக்காரருக்கும் நன்மையே.

உடைந்த ஓட்டுக்கும் வேலை இருக்கிறது. சுட்ட மண்ணை இடித்துத் தூளாக்கினால் சுர்க்கி. அதைச் சுண்ணாம்போடும் நீரோடும் சேர்த்தால் இரண்டும் வினைபுரிந்து இறுகுகின்றன, நீருக்குள்ளும் இறுகும். இடுக்கி மலையில் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895-ல் முடித்த முல்லைப்பெரியாறு அணையின் உள்ளே இருப்பது இந்தச் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவைதான். அந்த நம்பிக்கையில் நம் வீட்டுத் தரைக்கும் பூச்சுக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆகவே ஓட்டு வீட்டைப் பிரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இயந்திரத்தை வைத்து ஒரே இடியில் சாய்க்காதீர்கள். இரண்டு ஆட்களை மேலே ஏற்றி, ஓட்டைக் கை மாற்றி இறக்குங்கள். முத்திரைவாரியாக நிமிர்த்தி அடுக்குங்கள், உடைந்ததை மூட்டையில் கட்டுங்கள். அதற்கு ஆகும் இரண்டு நாள் கூலி பெரிதல்ல. அப்படி இறக்கிய ஓடு இன்னொரு குடும்பத்தின் கூரையாக இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும்.