பம்ப் துப்பாக்கி: விருதுநகர் மாவட்டத்தில் முதல் துப்பாக்கித் தேர்வு

பம்ப் துப்பாக்கி என்பது ரவைத் துப்பாக்கி வகைகளில் ஒன்று. குழலுக்கு அடியில் உள்ள முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும்; முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். தனியார் கையில் இருப்பவை பெரும்பாலும் 12 போர் அளவு. பல வேலைக்கும் ஆகும் ஒரே துப்பாக்கி என்று உலகெங்கும் பெயர் வாங்கியது இது. விருதுநகர் மாவட்டத்தில் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்க நினைக்கும் விவசாயியும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார். ஆனால் மேற்கே புலிகள் காப்பகம், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள், இடையிடையே மக்காச்சோளக் காடு என்று அமைந்த இந்த மாவட்டத்தில், எந்தத் துப்பாக்கி என்பதைவிட எங்கே, எதன்மேல், யார் அனுமதியோடு என்பதே பெரிய கேள்வி.

அமைப்பும் வரலாறும்

12 போர் என்பது பழைய ஆங்கிலக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம குண்டுகளாக உருட்டினால், அதில் ஒரு குண்டு அடங்கும் குழலின் விட்டம் அது, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். பம்ப் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அமெரிக்காவில் 1882-இல் ஸ்பென்சர் இந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 அதைப் பரப்பியது. 1950-இல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கு மேல் விற்றது.

இந்தியாவில் அந்தப் பெயர்களால் பெரிய பயன் இல்லை. 1980-களின் நடுவிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்வது, பெயர்பெற்ற போட்டி வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. வெளிநாட்டுத் துப்பாக்கி இங்கே கிடைத்தால் அது பழைய உரிமக்காரரிடமிருந்து கைமாறி வந்ததாகவே இருக்கும். புதிதாக வாங்குபவருக்கு உள்நாட்டுத் தயாரிப்புதான். திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை 12 போர் பம்ப் துப்பாக்கி செய்கிறது. படைக்கல வாரியம் கலைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 1 முதல் அந்த ஆலை அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின்கீழ் வந்துவிட்டது. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளை அரசு ஆலைகளோடு பீகாரின் மூங்கேர், ஜம்மு ஆகிய இடங்களின் தனியார் பட்டறைகளும் செய்கின்றன.

தோட்டாவும் ரவையும்

பம்ப் துப்பாக்கியின் பன்முகத் திறன் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு உண்மையில் தோட்டாவுக்கே உரியது. எந்த 12 போர் துப்பாக்கியும் பொடி ரவையிலிருந்து ஒற்றைக் குண்டு வரை சுடும். எண் கூடக்கூட ரவை சிறுக்கும்: 6-ஆம் எண் ரவை பறவைக்கு உரிய அளவு, 4-ஆம் எண் அதைவிடப் பெரிது. எஸ்.ஜி. வகையில் ஓர் அவுன்ஸுக்கு 8 ரவை, எல்.ஜி. வகையில் 6 ரவை என்பது ஆங்கிலக் கணக்கு. பம்ப் வகைக்கென்று உள்ள தனிச்சிறப்பு வேறு. தானியங்கி வகை வெடிப்பின் விசையைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றுவதால் வலுக்குறைந்த தோட்டாவில் சிக்கிக்கொள்ளும். பம்ப் வகையில் அந்த வேலையைக் கை செய்கிறது; மென்தோட்டாவும் வன்தோட்டாவும் அதற்கு ஒன்றே. குழலின் வாய்க் குறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் வசதி சிலவற்றில் உண்டு. குறுக்கம் கூடினால் ரவை நெருங்கிப் போகும், குறைந்தால் பரவும்.

பரவிப் போகும் ரவை 35, 40 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஆனால் விழும் தூரம் அதுவல்ல. 6-ஆம் எண் ரவை 200 மீட்டருக்கு அப்பாலும், எஸ்.ஜி. ரவை 600 மீட்டர் வரையிலும் போய் விழும். ஒற்றைக் குண்டு ஒரு கிலோமீட்டரையும் தாண்டும்.

உரிமம்

தென்பாண்டி நாட்டில் ஆயுதத்தின் மேல் சட்டம் விழுந்தது பழைய கதை. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னை அரசு வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. இந்த மாவட்டத்துச் சேத்தூரும் கொல்லங்கொண்டானும் அந்தப் பாளைய வரிசையில் இருந்த ஊர்கள்தாம். 1878-இன் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும்.

இந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை விவசாயி ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. உண்மையான பயிர்க் காவலுக்கு அது முதலில் சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை, அதாவது ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்லும் வகையை. அது போதாது என்று உரிம அதிகாரிக்குத் தோன்றினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட ரவைத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும் இதே 20 அங்குல அளவுதான். படங்களில் பார்க்கும் குட்டைக்குழல் பம்ப் துப்பாக்கி இந்த வரம்புக்குள் வராது. அமெரிக்காவில் 18 அங்குலம் போதும் என்பதால் அங்கே அது சாதாரணம். அந்த ஊர் விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படுவது வீண்.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல் நிலைய அறிக்கை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டிவைக்க இடம் உண்டு என்ற உறுதிமொழி எல்லாம் வேண்டும். பயிர்க் காவல் என்று கேட்பவருக்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் நகல் பெரிய துணை. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக்கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சிறு விவசாயிக்குக் கிடைத்த இந்த வாசகம் போதிய அளவு பேசப்படுவதில்லை. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்தாண்டு செல்லும். ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கல்யாண ஊர்வலத்திலோ கோயில் கொடையிலோ கொண்டாட்டமாக, பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. அதிர்வேட்டுக்குப் பழகிய ஊர்களில் இது கவனிக்க வேண்டிய விதி.

மலையடிவாரத்துக்கு மேலும் ஒரு தடை உண்டு. திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிய துப்பாக்கி உரிமம் தர முடியாது. செண்பகத்தோப்பு, மம்சாபுரம் பக்கத்துத் தோப்புக்காரர்கள், அதாவது பன்றியால் அதிகம் பாடுபடுகிறவர்கள், இந்த வட்டத்துக்குள்தான் வருகிறார்கள்.

காட்டுப்பன்றி

மலையடிவாரத்தில் மட்டுமல்ல, அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிக் கரிசலிலும் இன்று பன்றி உண்டு. கண்மாய்க்குள்ளும் ஓடைக்கரையிலும் மண்டிய சீமைக்கருவேலம் அதற்குப் பகலில் மறைவு. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் இரவில் மக்காச்சோளக் காட்டுக்குள் ஒரு கூட்டம் இறங்கினால், தின்பதைவிட ஒடித்துப் போடுவது அதிகம். விடிந்து பார்த்தால் தட்டை தரையோடு படிந்து, பாதி கடித்த கதிர்கள் மண்ணில் கிடக்கும். விதை, உரம், களைக்கூலி எல்லாம் கடன் வாங்கிப் போட்ட ஒருவர் அதைப் பார்த்துத் துப்பாக்கி கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் துப்பாக்கி உரிமம் பன்றியைச் சுடும் உரிமம் ஆகாது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து உத்தரவு இல்லாமல் அதைக் கொல்வது குற்றம். மயிலோ முதல் அட்டவணை. கேரளம் 2022-இல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட வழி செய்தது. தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். ஆகவே இன்றைய நிலையில் தோட்டக்காரரின் துப்பாக்கி, தன் உயிரைக் காக்கும் அவசரம் தவிர, சத்தம் போட்டு விரட்டத்தான் உதவும். அந்த வேலையைச் சிவகாசி வெடி இன்னும் மலிவாகச் செய்கிறது. பரண் கட்டித் தகரம் தட்டுவதும் வெடி போடுவதும் இரவுக் காவலின் வழக்கம். பன்றி வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இராசபாளையம் நாய் இன்று காவலுக்கு நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு கொடுமையைச் சொல்லாமல் விடமுடியாது. உரிமம் கிடைக்காத கோபத்திலோ கறி ஆசையிலோ சிலர் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த வெடி, வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, வாய் கிழிந்து, தீனி எடுக்க முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து செத்த நிகழ்வுகள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நடந்திருக்கின்றன. மேய்ச்சல் மாடும் நாயும் அதில் சிக்குகின்றன. கள்ளத்தனமாக மின்கம்பியில் கொக்கி போட்டு வேலி அமைப்பதும் அப்படியே; அதில் செத்த மனிதர்களில் வேலி போட்டவர்களும் உண்டு. பயிர் போன துயரம் உண்மையானதுதான். அதற்காக இவற்றை ஏற்க முடியாது.

பட்டாசு வட்டாரம்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, சிவகாசிக்கு மருந்து அன்றாடப் பொருளாகிவிட்டது. வெடிபொருள் விதிகளின் வகைப்பாட்டில் கரிமருந்து முதல் வகுப்பு, துப்பாக்கித் தோட்டா ஆறாம் வகுப்பு, பட்டாசு ஏழாம் வகுப்பு. ஒரே அட்டவணையில் நின்றாலும் ஒன்றுக்குப் பெற்ற உரிமம் இன்னொன்றுக்குச் செல்லாது. ஆலையிலிருந்து கசியும் மருந்தை நாட்டுத் துப்பாக்கியில் கெட்டிப்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், அது உயிருக்கு ஆபத்து. பட்டாசுக் கலவை துப்பாக்கி மருந்து அல்ல. எரியும் வேகம் வேறு என்பதால் குழல் பிளந்து சுடுபவரின் விரலையும் கண்ணையும் கொண்டுபோகும்.

ஆலையை ஒட்டிய நிலத்தில் சுடுவது பற்றித் தனியாகவே யோசிக்க வேண்டும். ஆலைக்குள் இரும்புக் கருவிகூட உராயக்கூடாது என்று கட்டுப்பாடு. தளத்தில் பட்டாசும் மணிமருந்தும் வெயிலில் காயும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை இந்தப் பகுதியில் மறந்தவர் இல்லை. 600 மீட்டர் பறக்கும் ரவையும் குழல் வாயிலிருந்து வரும் தீக்கங்கும் அந்தத் தளத்துக்கு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. வேலிக்கு அப்பால் ஆலைக் கூடங்கள் தெரியும் நிலத்தில் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே சரி.

பம்பா, இரட்டைக்குழலா?

நாடெங்கும் கொடுக்கப்படும் பொது விடை பம்ப். விருதுநகர் விவசாயிக்கு முதல் துப்பாக்கியாக இரட்டைக்குழலே பொருந்தும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. இரட்டைக்குழலை மடக்கித் திறந்தால் இரண்டு அறையும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகமே வராது. மடக்கியபடி தோளில் போட்டு வந்தால் எதிரே வருபவருக்கும் அது தெரியும். இரண்டு குழலுக்கும் வெவ்வேறு வாய்க் குறுக்கம் இருப்பதால் கிட்டத்துக்கு ஒன்று, எட்டத்துக்கு ஒன்று. நகரும் உறுப்புகள் குறைவு. கரிசல் புழுதி உள்ளே போனாலும் துடைத்துவிடலாம்.

பம்ப் துப்பாக்கியில் புதியவர் செய்யும் பிழைகள் இரண்டு. பதற்றத்தில் முன்பிடியை முழுதாக இழுக்காமல் பாதியில் தள்ளிவிடுவது ஒன்று. தோட்டா குறுக்கே சிக்கிக்கொள்ளும். மற்றது இன்னும் ஆபத்தானது. அறையிலிருந்து ஒரு தோட்டாவை வெளியே எடுத்ததும் காலி என்று நினைத்து முன்பிடியைத் தள்ளுவார். அடிக்குழாயில் கிடந்த அடுத்த தோட்டா அந்தத் தள்ளலிலேயே அறைக்குள் ஏறியிருக்கும். காலி என்று உறுதிப்படுத்த, முன்பிடியைப் பின்னால் வைத்தபடி சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவ வேண்டும். பிறகு அடிக்குழாயின் வாயில் தள்ளுமூடி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பயிற்சியாளர் முன்னால் கை பழகும்வரை செய்தவருக்குப் பம்ப் துப்பாக்கி நல்ல துணை. ஒதுக்குப்புறத் தோட்டவீட்டில் தனியாகக் குடியிருந்து தற்காப்புக்கு உரிமம் பெற்றவருக்கு அது இரட்டைக்குழலைவிட மேல் என்றும் சொல்லலாம். விளையாட்டுக்கு என்றால் பம்பும், குழல்கள் பக்கவாட்டில் அமைந்த இரட்டைக்குழலும் பொருந்தா. 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிராப் குழுத் தங்கம் வென்ற புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானின் பிரிவில், குழல் மேலும் கீழுமாக அடுக்கிய துப்பாக்கிதான் வழக்கம்.

தாத்தாவின் துப்பாக்கி

பலருக்கு முதல் துப்பாக்கி கடையிலிருந்து வருவதில்லை. உரிமக்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். உரிமக்காரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் விதிகளில் வழி உண்டு. அப்படி வரும் பழைய ஆங்கிலேய இரட்டைக்குழலில் முதலில் பார்க்க வேண்டியது குழலின் அடிப்பக்கத்து முத்திரை. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா பெரும்பாலும் 70. நீளத் தோட்டா அந்த அறைக்குள் போய்விடும், கதவும் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழல் என்று முத்திரை சொன்னால் புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடவே கூடாது. குழலுக்குள் வெளிச்சம் பிடித்துத் துருக்குழி பார்க்கவும், மூடிய கதவில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதிக்கவும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுப்பதே முறை. அவர் சரி என்று சொல்லும்வரை தோட்டா வாங்க வேண்டியதில்லை.