குழலில் படிந்த கரி, தோட்டாவில் தடவிய கொழுப்பு

இன்னைக்கு எபிசோட் துப்பாக்கிக் குழலுக்குள்ளே படிகிற கரியைப் பற்றியது. "இதுல என்னங்க வரலாறு?"ன்னு கேட்பீங்க. 1857 கலகத்தைப் பற்றிப் படிச்ச எல்லாருக்கும் பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா ஞாபகம் இருக்கும். ஆனா, தோட்டாவுக்குக் கொழுப்பு எதுக்கு? எந்த வாத்தியாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. பதில் அந்தக் கரியில்தான் இருக்கு.

எரிந்த பிறகு மிஞ்சுவது

அந்தக் காலத் துப்பாக்கிகள் பெரும்பாலும் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற வகை. நம்ம ஊர் செய்திகளில் 'நாட்டுத் துப்பாக்கி'ன்னு வருமே, அதே முறைதான். உள்ளே போவது கரிமருந்து. வெடியுப்பு, கரித்தூள், கந்தகம் மூன்றும் ஏறக்குறைய 75:15:10 என்ற அளவில் கலந்தது.

இது எரியும்போது முழுசா வாயுவாகிப் போயிடாது. எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் வெள்ளைப் புகையோடு வெளியே போகும். மீதி குழலின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பார்க்கக் கரிப்பிசுக்கு மாதிரி இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி உப்பு: பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்றவை.

உப்பு என்பதால், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் அசையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால் பட்டாளத்தில் வழக்கம் இதுதான்: குழலில் வெந்நீரை ஊற்றி, கம்பி முனையில் சணல் நாரைச் சுற்றி மேலும் கீழும் இழுப்பார்கள். வெளியே வரும் தண்ணீர் தெளிகிற வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். வெந்நீர் ஏன்? கரைப்பது ஒரு காரணம். குழல் சூடேறினால் உள்ளே ஈரம் தானாகக் காயும் என்பது இன்னொன்று. காய்ந்ததும் லேசாக எண்ணெய் பூசுவார்கள். ஒரு ராத்திரி அப்படியே விட்டால், அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைத்துவிடும். வங்காளத்து மழைக்காலத்தில் இதைச் சொல்லவே வேண்டாம்.

குண்டு இறங்காத குழல்

சரி, முகாமில் வெந்நீர் கிடைக்கும். சண்டை நடுவில்? ஒவ்வொரு சுடுதலும் உள்ளே ஒரு பூச்சு பூசிவிட்டுப் போகும். வெயில் காய்ந்தால் அது கெட்டி ஓடாகிவிடும். பத்து, இருபது முறை சுட்டபின் குழலின் விட்டமே சுருங்கியது போல ஆகிவிடும். மேலிருந்து குண்டை இறக்க முடியாது.

பழைய 'பிரவுன் பெஸ்' மஸ்கட்டுக்கு இதில் பெரிய கவலை இல்லை. குழலின் விட்டம் சுமார் .75 அங்குலம், குண்டு சுமார் .69 அங்குலம். கரி படிந்தாலும் இடம் இருந்தது. பயின்ற சிப்பாய் நிமிஷத்துக்கு மூன்று முறை சுடலாம். ஆனா குறி? குழலுக்குள் முட்டி மோதி வெளியே வருகிற குண்டு நூறு கஜத்தைத் தாண்டினால் எங்கே போகும்னு சொல்ல முடியாது.

குறி வேண்டும்னா ரைஃபிள் வேண்டும். அதன் குழலுக்குள் சுருள் சுருளாகக் காடிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்தக் காடிகளைப் பிடித்துக்கொண்டு சுழன்று வரணும். அதற்குக் குண்டு இறுக்கமாக இருக்கணும். இறுக்கமாக இருந்தால் கரி படிந்த குழலில் இறங்காது. 1800 வாக்கில் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைஃபிளுக்கு ஆரம்பத்தில் மரச் சுத்தியலே சேர்த்துக் கொடுத்தார்கள், குண்டை அடித்து இறக்குவதற்கு!

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே. 1840-களின் கடைசியில் அவர் கொடுத்த யோசனை, அடிப்பாகம் குடைந்த கூம்பு வடிவக் குண்டு. குழலைவிடக் கொஞ்சம் சின்னது, அதனால் சுலபமாக இறங்கும். மருந்து வெடித்ததும் வாயுவின் அழுத்தத்தில் அடிப்பாகம் விரிந்து காடிகளைக் கவ்விக்கொள்ளும். இதே வழியில் வந்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள். குழல் .577 அங்குலம், குண்டு .568. இடைவெளி கால் மில்லிமீட்டர்கூட இல்லை!

அந்த இடைவெளியை நிரப்பியது தோட்டாவின் காகிதம். அது வழுக்கிக்கொண்டு இறங்கவும், படிந்த கரி இறுகாமல் இளகியே இருக்கவும் காகிதத்தில் மசகு தேவைப்பட்டது. கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த மசகு.

கடிக்க வேண்டியது யார்?

ஒரு கையில் துப்பாக்கி இருப்பதால், சிப்பாய் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். மருந்தைக் குழலில் கொட்டி, குண்டு இருக்கும் முனையை உள்ளே செருகுவார். கடிக்கிற முனையும் கொழுப்பு தடவிய முனையும் வேற வேறதான். ஆனால் ஒரு விரல் நீளத் தோட்டாவில், இந்திய வெயிலில் உருகுகிற கொழுப்பு ஒரு முனையிலேயே நிற்குமா?

இதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1853-லேயே வங்காளப் படையின் கர்னல் டக்கர், இந்த மசகு சிப்பாய்களின் மதத்தையும் சாதியையும் புண்படுத்தாததாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் எச்சரித்தார். அந்தக் கடிதம் பயன்படவில்லை. நம்ம வேலூரில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததற்கும் தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய உத்தரவுகள் ஒரு காரணம். அந்தப் பாடமும் பயன்படவில்லை. கல்கத்தா பக்கம் தோட்டா தயாரானபோது, எந்த மிருகத்தின் கொழுப்பு என்று யாரும் உறுதி செய்துகொள்ளவில்லை.

1857 ஜனவரி, டம்டம். அங்கே நடந்ததாக கேப்டன் ரைட் மேலிடத்துக்கு எழுதிய சம்பவம் இது. ஒரு தொழிலாளி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய சொம்பில் தண்ணீர் கேட்கிறார். சாதியைச் சொல்லிச் சிப்பாய் மறுக்கிறார். அதற்கு அந்தத் தொழிலாளி, சீக்கிரமே பசு, பன்றிக் கொழுப்புத் தோட்டாவைக் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும் என்கிறார்.

இந்த இடத்தை நான் சும்மா கடந்து போக விரும்பலை. செய்தியைக் கொண்டுவந்தவர் ஒரு வாய் தண்ணீர் மறுக்கப்பட்டவர். சிப்பாயின் 'தீட்டு' பயத்துக்குப் பின்னால் இன்னொருவர் பட்ட அவமானமும் இருக்கு. அந்தப் பயம் கம்பெனிக்கு எதிராக நியாயமானது. ஆனால் அது அப்பாவித்தனமானது இல்லை.

ஜனவரி கடைசியிலேயே அரசாங்கம் இறங்கி வந்தது. சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்த மசகைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்றது. பிறகு பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றது. ஆனால், "அப்போ முன்னாடி இருந்தது தப்புன்னு ஒத்துக்கிறாங்க" என்றுதான் அது கேட்டது. சந்தேகம் கொழுப்பைத் தாண்டிக் காகிதத்துக்கும் பரவியது.

ஏப்ரல் 24, மீரட். 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று கொடுக்கப்பட்டவை புதுத் தோட்டாக்களே இல்லை, பழையவைதான். பெரும்பாலானவர்களுக்குப் பத்தாண்டு சிறை விதிக்கப்பட்டது. மே 9 அன்று மொத்தப் படைக்கும் முன்னால் நிறுத்தி அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது, டெல்லிக்குப் புறப்பட்டது.

தோட்டா மட்டுமே காரணம்னு சொல்லலைங்க. 1856-இல் அவத் நாட்டைப் பறித்தது, கடல் கடந்தும் வேலை செய்ய வேண்டும் என்ற புது விதி, படியில் கைவைத்தது, எல்லாம் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. தோட்டா அதில் விழுந்த பொறி.

கலகத்துக்குப் பிறகு குண்டின் விட்டத்தை .55 அங்குலமாகக் குறைத்தார்கள். மசகு தேன்மெழுகு ஆனது. ரைஃபிள் நன்றாகவே வேலை செய்தது. அதாவது, மாற்று வழி கிடைக்காத பிரச்சினை இல்லை இது. குழலுக்கும் குண்டுக்கும் நடுவில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு இடைவெளி வரை கணக்குப் போட்டவர்கள், தோட்டாவைக் கடிக்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கச் சொன்ன கடிதமும் கோப்பில் கிடந்தது.

இன்னைக்கு நீங்க ஒரு ஆப், ஒரு இயந்திரம், ஒரு விதிமுறை வடிவமைக்கிற வேலையில் இருந்தால், இதை யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.