தாய ஆட்டம் (சித்தூர், திருப்பதி வட்டாரம்)

பகடையையோ சோழியையோ உருட்டி, விழுந்த எண்ணுக்கேற்பக் கட்டங்களில் காய்களை நகர்த்தி, வழியில் அகப்படும் எதிரியின் காய்களை வெட்டி, தன் காய்கள் அனைத்தையும் முதலில் நடுக்கட்டத்தில் சேர்த்துப் பழமாக்குபவர் வெல்லும் வீட்டு விளையாட்டு தாய ஆட்டம் எனப்படும். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழர் வீடுகளில் தாயமும் தெலுங்கர் வீடுகளில் அதன் நெருங்கிய உறவான அஷ்டா சம்மாவும் ஆடப்பட்டு வந்துள்ளன. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானதும், 1960-இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்ததும், 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானதும் ஆட்சி எல்லைகளை மாற்றினவேயன்றி, இரு மொழியினரும் அண்டை அயலாக வாழும் தெருக்களின் இயல்பை மாற்றவில்லை.

தமிழில் இவ்வகை ஆட்டத்தின் தொன்மைக்குத் தொல்காப்பியமே சான்று. அதன் எழுத்ததிகாரம், சூதாடு கருவியைக் குறிக்கும் ‘வல்’ என்னும் சொல் நாய், பலகை என்னும் சொற்களோடு புணரும் முறையை வகுக்கிறது. இங்கு நாய் என்பது ஆட்டக்காய். கீழடி அகழாய்விலும் பகடைகள் கிடைத்துள்ளன. எனினும் நீதி நூல்கள் இதை நல்ல கண்ணோடு பார்க்கவில்லை: திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைக் கடுமையாக விலக்குகிறது. பந்தயம் வைத்து ஆடுவதற்கும் பொழுதுபோக்காக வீட்டில் ஆடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் இவ்விளையாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

அந்த வேறுபாட்டைத் திருமலையின் செவிவழி மரபு ஒன்று அழகாக எடுத்துக்காட்டுகிறது. வடநாட்டிலிருந்து வந்து திருமலையில் தங்கிய பாவாஜி என்னும் பைராகித் துறவியின் குடிலுக்கு வேங்கடவன் இரவுதோறும் வந்து பகடை ஆடினான் என்றும், ஒரு நாள் விட்டுச் சென்ற ஆபரணத்தால் துறவியின்மீது திருட்டுப் பழி விழுந்தது என்றும், விடிவதற்குள் வண்டி நிறையக் கரும்பைத் தின்று முடிக்குமாறு அரசன் விதித்த சோதனையில் யானை ஒன்று வந்து அத்தனையையும் தின்று அவரைக் காத்தது என்றும் அம்மரபு கூறுகிறது. யானையைக் குறிக்கும் இந்திச் சொல்லால் அவர் ஹாத்திராம் பாவாஜி எனப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி 1801 முதல் தன் பொறுப்பில் வைத்திருந்த திருமலைக் கோயில் நிர்வாகம் 1843-இல் அவர் பெயரால் அமைந்த மடத்தின் தலைவர்களான மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டு, தேவஸ்தானக் குழு 1933-இல் பொறுப்பேற்கும் வரை அவர்களிடமே இருந்தது. கடவுளும் அடியவரும் பலகைக்கு இருபுறமும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் படம் திருப்பதியில் இன்றும் பரவலாகக் காணப்படுகிறது. பகடையை வெறும் சூதாகப் பார்க்காமல் நெருக்கமானவர்கள் கூடியிருக்கும் வழியாகப் பார்த்த மனப்பாங்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

தமிழ் வடிவத்துக்குரிய தாயக்கட்டைகள் இரண்டு. நீண்ட பித்தளைக் கட்டையின் மூன்று பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் நான்காவதில் வெறுமையும் இருக்கும். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம், இரண்டிலும் வெறுமை விழுந்தால் பன்னிரண்டு. பொதுவாகத் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். 1, 5, 6, 12 ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு. அஷ்டா சம்மாவுக்கு நான்கு சோழிகள் போதும். அவையும் இல்லாத வீடுகளில் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிப் பயன்படுத்துவர். நான்கும் மல்லாந்தால் நான்கு, அதுவே சம்மா. நான்கும் கவிழ்ந்தால் எட்டு, அதுவே அஷ்டா. ஐந்துக்கு ஐந்தாகத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரையப்படும் 25 கட்டங்களில் வெளிச்சுற்றின் பதினாறையும் இடஞ்சுழியாகக் கடந்து, ஓர் எதிரிக் காயையேனும் வெட்டியவரே உட்சுற்றின் எட்டில் வலஞ்சுழியாக நுழைந்து நடுவை அடையலாம். குறுக்குக் கோடிட்ட கட்டங்களில் நிற்கும் காயை வெட்ட இயலாது.

இவ்விதிகளைக் குழந்தைகள் பெரும்பாலும் பாட்டி, அத்தை, அக்காள் ஆகியோரின் அருகில் அமர்ந்து பார்த்தே கற்றனர். தொடக்கத்தில் விழுந்த எண்ணைச் சொல்வது மட்டுமே குழந்தையின் வேலை. பின்னர் பெரியவரின் காயை அவர் சொற்படி நகர்த்துவது. அதன் பின்னரே தனிக்காய். சோழி இரு பக்கமும் சமமாக விழுவதாகக் கொண்டால், நான்கு சோழிகள் விழக்கூடிய பதினாறு வகைகளில் ஆறு இரண்டையும், நான்கு ஒன்றையும், நான்கு மூன்றையும் தர, சம்மாவும் அஷ்டாவும் ஒவ்வொரு வகையால் மட்டுமே கிடைக்கும். இக்கணக்கை ஏட்டில் படிக்காமலேயே, எதிரியின் காய்க்கு இரண்டு கட்டம் முன்னால் நிற்கக் கூடாது என்பதை ஆடிப் பழகியவர் அறிவர். முதலில் கற்பிக்கப்படும் நுணுக்கமும் அதுவே. இரு காய்கள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் அவற்றை வெட்டலாமா, காய் இறங்கத் தாயம் கட்டாயமா என்பன போன்றவற்றில் வீட்டுக்கு வீடு விதி மாறுவதால், புதிதாக வந்த மருமகள் பிறந்த வீட்டு விதியை விட்டுப் புகுந்த வீட்டு விதியைக் கற்பதும், சில வேளை தன் விதியை அங்கே நிலைநாட்டுவதும் இயல்பாக நிகழ்ந்தன.



பச்சீசி என்னும் இந்திய ஆட்டத்திலிருந்து உருவாகி 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ, அச்சிட்ட அட்டையாகவும் அதனுடன் அச்சிட்ட விதிகளாகவும் இந்தியாவுக்குத் திரும்பி வந்து, வீட்டு ஆட்டங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. லூடோ சிறந்த ஆட்டம் என்பது இதற்குக் காரணமன்று; அதைக் கற்க அருகில் ஒரு பெரியவர் இருக்க வேண்டியதில்லை என்பதே காரணம். 2016-இல் வெளியாகி 2020 ஊரடங்கின்போது பெரும் புகழ் பெற்ற லூடோ கிங் செயலி, எண்ணும் வேலையையும் குழந்தையிடமிருந்து எடுத்துக்கொண்டது. சென்னையில் கிரீடா என்னும் நிறுவனம் 2002 முதல் மரபு விளையாட்டுகளை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்து வருகிறது. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பழைய முறையிலான பலகைகளைக் கைவினைஞரைக் கொண்டு செய்வித்துக் காட்சிப்படுத்துகிறது. இம்முயற்சிகள் பெரிதும் போற்றத்தக்கவை. ஆயினும் பெட்டியோடு வரும் விதித்தாள் ஒரு வடிவத்தையே நிலைநிறுத்தும் என்பதால், சித்தூர், திருப்பதி வீடுகளின் மாறுபட்ட விதிகளை, அவற்றை ஆடிய பெண்களிடமே கேட்டு இரு மொழிகளிலும் எழுதிவைப்பது தனியே செய்யப்பட வேண்டிய பணியாகும்.