ஒவ்வாமையும் இதயமும்

"அந்த ஊசி எனக்குச் சேராது" என்று நம் இல்லத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. புதுச்சத்திரம் போன்ற ஊர்களிலிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ நோயாளியை அழைத்தோடும் பதற்றத்தில், அச்சொல் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதன் பெறுமதியை மருத்துவ வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இளவேனிற் காலத்தில் ரோஜா மலரை முகர்ந்தால் அபூ ஸைத் அல்-பல்கீ என்னும் அறிஞருக்குச் சளி பிடித்துக்கொள்ளும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மாமேதை அபூபக்ர் அர்-ராஸீ, இதன் காரணத்தை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். பிறருக்கு இன்பம் தரும் பொருள் ஒருவருக்கு மட்டும் துன்பம் தருவதேன் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

1902-இல் பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேவும் போர்த்தியேவும் கடல் உயிரியொன்றின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினர். முதன்முறை பிழைத்த நாய், சில வாரங்களுக்குப் பின் சிறிதளவு நஞ்சிலேயே மாண்டது. காக்க வேண்டிய உடலின் ஆற்றலே பகையாக மாறியதை உலகம் கண்டது. இதற்காக ரிஷே 1913-இல் நோபல் பரிசு பெற்றார்.

பின்னர் பெனிசிலின் வந்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்த அம்மருந்து சிலருக்கு ஒவ்வாமையையும் தந்தது. அத்தகைய ஒவ்வாமையின்போதே ஒருவருக்கு மாரடைப்பு நேர்ந்ததை 1950-இல் ஃபிஸ்டர், பிளைஸ் என்னும் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். ஆயினும் இவ்விரண்டையும் பிணைக்கும் தெளிவு பிறக்க நாற்பதாண்டுகள் சென்றன. 1991-இல் கிரேக்க நாட்டு இதய மருத்துவர் கூனிஸ் அதனைத் தனி நோயாக வரையறுத்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒவ்வாமையின்போது மாஸ்ட் செல்கள் எனப்படும் அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. அவற்றால் இதயத்தின் இரத்தக்குழாய் திடீரெனச் சுருங்கலாம்; முன்னரே படிந்திருந்த கொழுப்பு வெடித்து, இரத்தம் உறைந்து, குழாய் அடைபடலாம். குழாயில் குறையேதும் இல்லாதவருக்கும் இது நேரக்கூடும்.

மருத்துவருக்கு இங்கே இருமுனைச் சிக்கல். கடும் ஒவ்வாமையில் உயிர்காக்கும் அட்ரினலின், இதயத்தின் பளுவைக் கூட்டக்கூடும். நெஞ்சு வலிக்குத் தரும் மார்ஃபின், ஹிஸ்டமினை மேலும் பெருக்கக்கூடும். ஆகவே, வந்திருப்பது ஒன்றா, இரண்டுமா என்பதை அவர் உடனே அறிதல் வேண்டும்.

மருந்து உட்கொண்டபின் தடிப்பும் மூச்சுத் திணறலும் தோன்றி, நெஞ்சும் வலித்தால் தாமதம் கூடாது. 108 ஊர்தியை அழைத்திடுக. சேராத மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, மருத்துவச் சீட்டுகளோடு வைத்திடுக. பெரியவர் நினைவிழந்து கிடக்கும் வேளையில் அவருக்காகப் பேசுவது அந்தத் தாள் ஒன்றுதான்.