முன்குடுமியும் பின்குடுமியும்

குமரி மாவட்டத்துச் சிதறால் மலைமேல் ஏறி, இரு பாறைகளுக்கு நடுவே நுழைந்து அப்பால் இறங்குகிறவனுக்கு, பாறைச் சுவரில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களும், அவர்களுக்கு அயலிலேயே பகவதியாகப் பூஜை பெறும் தேவியும் ஒரே கோயிலில் தரிசனமாவார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி இங்கே பொன்னணி அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. பகவதி வந்த பின்னும் மகாவீரரை எவரும் எழுப்பி அனுப்பவில்லை.

மலையடிவாரத்துக்கு அப்பால், தென்னந்தோப்புகளுக்கிடையே பரந்து கிடக்கும் நாட்டில், 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து வேரூன்றிய லண்டன் மிஷன் வழிவந்த சபையார், அவர்களுக்கு முன்பே இருந்த கத்தோலிக்கர், பின்னர் வந்த லூத்தரன்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும் இல்லாமலே வழிபடும் இரட்சணிய சேனையார் எனப் பலர் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில், மரக்கறி மட்டும் உண்பவனும் எல்லாம் உண்பவனும், நாளை விசேஷித்துக்கொள்பவனும் அப்படிச் செய்யாதவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்று பவுல் வற்புறுத்தியதை இவர்கள் எல்லோருமே வாசிக்கிறார்கள். ஆயினும் எது மரக்கறி, எது வேதம் என்று பிரித்துச் சொல்வது யார் என்பதில்தான் சங்கடமே பிறந்தது.

குடுமியை எடுத்துக்கொள்வோம். மலையாளத்து வழக்கப்படி நெற்றிப் பக்கம் முடியும் முன்குடுமியும், தமிழ் வழக்கப்படி பிடரியில் முடியும் பின்குடுமியும் சந்தித்த நாடு இது. ஒருவன் எந்தப் பக்கத்தான் என்பதைத் தலையைப் பார்த்தே அன்று ஊகித்துவிட முடிந்தது. கிறிஸ்தவனான பிறகும் எண்ணெய் தடவிக் கோதி முடிந்த அந்தச் சிகையோடு ஒருவன் ஆலயத்தில் முழந்தாளிடுவதைக் கண்ட மிஷனரிமாரில் சிலர், அது விக்கிரகாராதனையின் அடையாளம் என்றும், ஞானஸ்நானம் பெற்றவன் அதைக் கத்தரித்தெறிவதே முறை என்றும் வாதித்தார்கள். அண்டைத் திருநெல்வேலியில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1867-இல் குடுமியைப் பற்றித் தனிப் பிரசுரமே எழுதி, அது தேசாசாரமேயன்றி மதச் சின்னமன்று என்று மறுத்தார். ஒப்பிலக்கணம் எழுதிய கை, மயிர்முடிக்காகவும் மை செலவிட்டது! என் அபிப்பிராயத்தில் அது வீண் செலவன்று. கத்தரிக்கச் சொல்பவனுக்கு அற்பமாகத் தோன்றுவது, தலையைக் கொடுப்பவனுக்கு அற்பமாவதில்லை.

ஆனால் "இது வெறும் தேசாசாரந்தானே" என்ற அதே வாதம், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சாவூரில் வேறொன்றுக்குக் கவசமாகப் பிடிக்கப்பட்டிருந்தது. கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் ஜாதி வேற்றுமையைத் தாமதமின்றி, அடியோடு விட்டொழிக்க வேண்டுமென்று கட்டளையிட்டபோது, ஜாதி லௌகிக ஏற்பாடேயன்றி விசுவாசத்தைச் சேர்ந்த விஷயமன்று என்று வாதாடியவர்களுள் மகாகவி வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள். பிற்பாடு வந்த லீப்சிக் லூத்தரன் மிஷன் இவ்விஷயத்தில் தாராளமாக நடந்துகொண்டது. தாராளம் என்ற சொல்லை இங்கே உபயோகிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்று பார்ப்பதை, நாள் பார்ப்பதோடு ஒன்றாக வைத்து எண்ண முடியவில்லை.

மனச்சாட்சிக்கு இடம் விட்டு எழுதிய உடன்படிக்கை என்றால் 1947-இல் உருவானதைச் சொல்ல வேண்டும். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டு, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. அத்தியட்சர் என்ற பதவியையே அறியாத திருவிதாங்கூர் லண்டன் மிஷன் சபைகளும் அதில் இணைந்தன. ஒரு சபையார் மனச்சாட்சிப்படி ஆட்சேபிக்கும் ஆராதனை முறையையோ குருத்துவத்தையோ அவர்கள்மேல் சுமத்துவதில்லை என்ற வாக்குறுதி அந்த ஏற்பாட்டிலேயே எழுதப்பட்டது. அப்படியும் ஆந்திரத்து நந்தியாலில் ஆங்கிலிக்கன் சபையார் பலர் சேர மாட்டோம் என்று விலகி நின்றார்கள்.

குடுமி என்னவாயிற்று? கால்டுவெல்லும் வெல்லவில்லை, எதிராளிகளும் வெல்லவில்லை. ஊருக்கு ஊர் நாவிதர் கடைகளில் கிராப்பு வந்தது. முன்குடுமியும் பின்குடுமியும் ஒரே கத்தரிக்கோலுக்கு உதிர்ந்தன. தஞ்சாவூரில் லௌகிகம் என்று சொல்லப்பட்டதோ இன்னும் உதிரவில்லை. கலியாணப் பேச்சென்று வந்தால், பையன் எந்தச் சபை என்று கேட்பதற்கு முன்னாலேயே அதைத்தான் கேட்கிறார்கள்.